மோகமுள்ளில் மிடறும் மெய்யும்

இசைவாணர் ஒருவரைத் தலைமகனாகவோ தலைமகளாகவோ கொண்டு எழுந்த தமிழ்ப் புதினங்கள் மிகுதியாக இல்லை. உள்ளவற்றிலும் பலவற்றில் இசை ஓர் அணிகலனாகவே நிற்கிறது. காதலர் சந்திப்பதற்கு ஒரு கச்சேரி, பிரிவதற்கு ஓர் இராகம் என்ற அளவில் அதன் பணி முடிந்துவிடுகிறது. அவற்றிலிருந்து இசையை நீக்கிவிட்டு ஓவியத்தையோ மருத்துவத்தையோ வைத்தாலும் கதை குறைவுபடாது. தி. ஜானகிராமன் (1921–1982) எழுதிய ‘மோகமுள்’ அத்தகையதன்று. சுதேசமித்திரன் வார இதழில் தொடர்கதையாக வெளிவந்து 1964இல் நூலுருப் பெற்ற இப்புதினத்தில், இசையை நீக்கினால் காதலும் நில்லாது. காதலை நீக்கினால் இசையும் நில்லாது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

கதை பலரும் அறிந்ததே. ஆகலின் சுருங்கக் கூறுவோம். பாபு, கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்புப் படிக்க வந்த அந்தண இளைஞன். தந்தை வைத்தி இசையில் தோய்ந்தவர். சுப்பிரமணிய ஐயருக்கும் மராத்திய மரபினளாகிய பார்வதிக்கும் பிறந்த யமுனா, பாபுவினும் ஏறத்தாழப் பத்தாண்டு மூத்தவள். அவளைப் பெண் கேட்டு வருவோர் அவள் பிறப்பை அறிந்ததும் பின்வாங்கிச் செல்கின்றனர். சிறுவயது முதலே அவளைத் தெய்வம்போல் எண்ணி வந்த பாபு, அவ்வெண்ணத்தின் உள்ளே வேட்கை மறைந்திருப்பதை மெல்ல உணர்கிறான். இடையே, முதியவர் ஒருவருக்கு மனைவியாகிய தங்கம்மா அவனை நாடி வருகிறாள். அவனால் பின்னர் மறுக்கப்பட்டு உயிர் நீக்கிறாள். ரங்கண்ணாவிடம் அவன் இசை பயில்கிறான், ஆசான் மறைகிறார். யமுனாவும் அவள் தாயும் வறுமையில் வீழ்கின்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின் சென்னையில் யமுனா பாபுவை ஏற்கிறாள். அதன்பின் அவன் குரற்பயிற்சி நாடி மகாராட்டிரத்துக்குப் புறப்படுகிறான்.

இம்முடிவே கற்போரை இடர்ப்படுத்துவது. இத்தனை ஆண்டுகள் காத்துப் பெற்றவளை விட்டுவிட்டு, பெற்ற அண்மையிலேயே ஒருவன் வடக்கே செல்வது ஏன்? இதற்கு இருவகை விடை கூறப்படுவதைக் கேட்கிறோம். மோகம் தீர்ந்தது, முள் களையப்பட்டது, இனி இசை தடையின்றி வளரும் என்பார் ஒரு சாரார். இவர்கள் கருத்தின்படி காமம் கலைக்குப் பகை. பகை அகன்றமையால் கலை வென்றது. மற்றொரு சாரார், ஆசிரியர் காதற்கதையைத்தான் எழுதினார், இசையை மணத்திற்காகத் தூவினார், முடிவில் அதனை ஒரு வாயிலாகக் கொண்டு தலைமகனை மேடையினின்று அப்புறப்படுத்தினார் என்பர். இவ்விரு கூற்றும் நமக்கு உடன்பாடல்ல. முன்னையது புதினத்தை அறநூலாக்குகிறது. பின்னையது அதனைக் கட்டுக்கோப்பு அற்றதாக்குகிறது.

யமுனா–பாபு காதலைத் தமிழ் இலக்கண மரபில் வைத்து நோக்குவது இவ்விடத்தில் பயனுடைத்து. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறும் ஒப்புப் பத்தனுள் பிறப்பும் குடிமையும் ஆண்டும் இடம்பெறுகின்றன. பாபுவும் யமுனாவும் இம்மூன்றிலும் ஒவ்வாதவர். அகத்திணையியலோ இளமை தீர்திறம் என ஒன்றைப் பெருந்திணைக்கண் வைக்கிறது. அதனை மூவகையாகப் பகுத்து உரைப்பார் இளம்பூரணர்: தலைவன் முதியனாய்த் தலைவி இளையளாதல் ஒன்று; தலைவி முதியளாய்த் தலைவன் இளையனாதல் ஒன்று; இருவரும் இளமை நீங்கியபின் அறத்தின்பால் மனம் செலுத்தாது காமத்தின்பால் செலுத்துதல் ஒன்று. இப்பகுப்பை மனத்துட் கொண்டு ‘மோகமுள்’ளைப் படிப்பார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தங்கம்மாவின் மணவாழ்க்கை முதல் வகை. யமுனா–பாபு உறவு இரண்டாம் வகை. ஆசிரியர் உரைநூலை விரித்து வைத்துக்கொண்டு கதை புனைந்தார் என்று நாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் நகைப்புக்கு இடமாகும். ஆனால் உலகம் மணம் என்று ஒப்புக்கொண்ட பொருந்தாமையையும், உலகம் ஒப்பாத பொருந்தாமையையும் அவர் அருகருகே நிறுத்தியிருக்கிறார் என்பது தெளிவு. கிழவருக்கு இளம்பெண்ணை மணம் முடித்தபோது ஊர் வாளா இருந்தது. இளைஞன் மூத்தவளை விரும்பியபோதுதான் பொருந்தாமை என்னும் சொல் எழுகிறது. பெருந்திணை என்னும் பெயரை எங்கே இடுவது என்ற வினாவைப் புதினம் வாய்திறந்து கேட்கவில்லை; இரண்டு வீடுகளைக் காட்டிவிட்டு அமைகிறது. அவ்வமைதி நமக்கு ஆயிரம் சொற்பொழிவினும் பெரிதாகத் தோன்றுகிறது.

தங்கம்மாவைப் பற்றி இன்னும் ஒரு சொல். அவளைத் தலைமகனை இடறிவிழச் செய்த ‘தீயவள்’ என்று எழுதும் வழக்கம் மாணவர் கட்டுரைகளில் இன்றும் காணப்படுகிறது. அது நூலைப் படியாதார் கூற்று. ஆசிரியர் அவளை ஓரிடத்தும் பழிக்கவில்லை. பழிப்பவன் பாபு, அதுவும் தன் தூய்மை குலைந்ததாக அவன் நினைப்பதனால். அவன் துயரம் முழுவதும் தன்னைப் பற்றியதாகவும், யமுனாவுக்கு இழைத்த வஞ்சனை என்பதாகவும் அமைகிறதேயன்றி, சுவருக்கு அப்பால் ஒருத்தி என்ன ஆவாள் என்பதாக முதலில் அமையவில்லை. அவளது இறப்புத்தான் அவனுக்கு அதனை உணர்த்துகிறது. பாபுவின் குறை இது, ஆசிரியரின் குறையன்று. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இது மீண்டும் வரும்.

இனி இசைக்கு வருவோம். ரங்கண்ணா தமிழ்ப் புதினம் படைத்த ஆசிரியருள் தலைசிறந்தவர் என்று கூறத் தயங்கோம். அவர் சொல்லிக் கொடுப்பதினும் கேட்கச் செய்வது மிகுதி. சுற்றிலும் எழும் ஓசைகளையெல்லாம், காக்கையின் கரைதல் உட்பட, சுருதியோடு பொருத்திக் கேட்பவர் அவர். அவருக்கு இசை என்பது மேடையில் தொடங்கி மேடையில் முடியும் தொழிலன்று. உலகமே நாதத்தின் விரிவு. ஆதலின் முதிராத குரலோடு அவைக்கு ஓடுவது அவருக்கு உடன்பாடன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அவையேறுகிறாள்; அக்காதையின் கட்டு முழுவதும் அவ்வேற்றத்தை நோக்கி உயர்கிறது. ‘மோகமுள்’ளிலோ கச்சேரி மேடை கதையின் உச்சமாக அமையவில்லை. பாடகனைப் பற்றிய புதினம், பாட்டின் வெற்றியைக் காட்டாமல் பாட்டுக்கு முந்திய ஆயத்தத்தையே காட்டி முடிகிறது. கொத்தமங்கலம் சுப்பு ‘தில்லானா மோகனாம்பாள்’ என்னும் தொடர்கதையில் நாகசுரத்தையும் நாட்டியத்தையும் போட்டியில் நிறுத்தி, அப்போட்டியின் வழியே காதலையும் வளர்த்தார். அது மேடையை நம்பிய கதை. ஆகவே திரைக்கும் (1968) எளிதிற் சென்றது. ஜானகிராமன் மேடையை நம்பவில்லை.

மேடைக்குச் சென்றவனையும் அவர் நமக்குக் காட்டுகிறார். அவனே பாலூர் ராமு. ரங்கண்ணாவின் வழிவந்தவன், புகழ் பெற்றவன், பொருள் ஈட்டியவன். பாபு அவனை வெறுக்கவில்லை. ஆனால் அவன் வழியை ஏற்கவும் முடியவில்லை. இவ்விடத்தில் ஆசிரியர் எளிதான வழியை விலக்கியிருப்பது போற்றத்தக்கது. ராமுவை அறிவிலியாகவோ கயவனாகவோ படைத்திருந்தால், பாபுவின் மறுப்பு மலிவாகிப் போயிருக்கும். ராமு திறமையுடையவன், அத்திறமை விலைக்கு வந்தபின் வளராது நின்றுவிட்டது என்பதே கூறப்படுவது. தொழில், காதல், குடும்பம் என்னும் மூன்றினிடையே அல்லலுறும் கலைஞன் என்று இந்நூலைச் சுருக்குவோர், தொழில் என்னும் சொல்லின்கண் இடறுகின்றனர். பாபுவுக்கு இசை தொழிலாகவே இல்லை. வயிற்றுக்கு அவன் சென்னையில் வேறு பணி பார்க்கிறான். இசையைத் தொழிலாக்க மறுப்பதே அவன் இசைக்குச் செய்யும் முதற் கடன்.

ஆயினும் இம்மறுப்பில் ஓர் ஊறு உண்டு. அதனை வெளிப்படுத்துவோர் வடநாட்டிலிருந்து வரும் மராத்தியப் பாடகர். ரங்கண்ணாவின் இல்லத்தில் அவர்கள் பாடும் பகுதியே, நம் கருத்தில், இப்புதினத்தின் அச்சாணி. அவர்கள் பாடக் கேட்டபோது கேட்டவர்க்குப் புலப்படுவது இராக நுட்பத்தின் மிகுதியன்று, குரலின் ஆற்றல். அடித்தாயியிலும் உச்சத்திலும் ஒருதன்மையாய், பிசிறின்றி, நினைத்த இடத்தில் நின்று நினைத்தவாறு திரும்பும் குரல். தென்னாட்டில் நாம் இசையை அறிவாகவும் பத்தியாகவும் வளர்த்தோம். மிடற்றைப் பயிற்றுவதை மறந்தோம் என்ற எண்ணம் பாபுவிடம் வேரூன்றுகிறது. இக்குற்றச்சாட்டு எந்த அளவு நேரியது என்பதை இசைநூலார் ஆராய்க. புதினத்தின் உள்ளே இதற்குள்ள பயனே நாம் நோக்கற்பாலது.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலிக்கு இடம் வகுக்குங்கால், உந்தியிலிருந்து எழும் காற்று நிலைபெறும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றையும், பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றையும் கூட்டி எட்டாகக் கூறுவார். சிலப்பதிகார உரையிலும் இசை பிறக்கும் இடங்கள் உடம்பிலேயே வைத்து எண்ணப்படுகின்றன. வாய்ப்பாட்டை மிடற்றுப்பாடல் என்றே நம் முன்னோர் வழங்கினர். எனவே, ஒலிக்கு உடம்பே நிலைக்களம் என்பது வடக்கிலிருந்து இரவல் வாங்க வேண்டிய கருத்தன்று. தமிழ் இலக்கணத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. ரங்கண்ணாவின் இசைக்கொள்கை நாதத்தை உலகெங்கும் விரித்தது. மராத்தியரின் பாட்டு அதனை மீண்டும் தொண்டைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாதம் எங்கும் இருக்கலாம். ஆனால் பாடுபவனுக்கு அது இரண்டு விரல் அகலமுள்ள ஓர் உறுப்பில் இருக்கிறது. அவ்வுறுப்பை நாள்தோறும் வைகறையில் வருத்திப் பழக்கினாலன்றி அது பணியாது.

இதனோடு காதலை ஒப்பு நோக்குக. பாபு யமுனாவையும் எங்கும் விரித்து வைத்திருந்தான். அவள் தெய்வம், அழகின் வடிவு, தொடற்கரியவள். மெய்யில்லாத யமுனாவை வழிபட்டவன், மெய்யுள்ள தங்கம்மாவின் முன் நிலைகுலைந்து, அந்நிலைகுலைவைத் தீட்டு என்று எண்ணினான். அவன் இசையிலும் இதே பிழை இருந்தது: மிடறில்லாத நாதத்தை வழிபட்டான். இவ்விரு வழிபாடும் ஒருதன்மையன. ஒரே நெஞ்சின் இருவேறு செயல்கள். ஆகவே இரண்டும் ஒருங்கே திருந்த வேண்டியவை. யமுனா அவனை ஏற்கும்போது, தெய்வம் என்று அவன் வைத்திருந்த ஒன்று நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணாக, பசியும் தனிமையும் அறிந்த உடம்பாக அவன்முன் நிற்கிறது. இத்தனை ஆண்டும் இதற்காகத்தானா என்னும் பொருள்பட அவள் கேட்கும் வினா, வாசகர் பலரால் ஏளனமாகவும் சலிப்பாகவும் கொள்ளப்படுவது. நாம் அதனை அங்ஙனம் கொள்ளவில்லை. அது உண்மையை அறிய விழையும் வினா. ‘இதுதான்’ என்பதே அதற்குரிய விடை. அதற்குமேல் ஒன்று இருந்தது என்று இனிப் பாபு பொய் சொல்ல இயலாது. உடம்பை ஒப்புக்கொண்டவன் மிடற்றையும் ஒப்புக்கொள்வான். ஆகவே வடக்கு நோக்கிய செலவு காதலினின்று தப்புதலன்று. காதலில் கற்ற பாடத்தை இசையில் செயற்படுத்துதல். முள் களையப்பட்டு இசை பிழைத்தது என்போர்க்கு நாம் கூறும் மறுப்பு இதுவே: முள் தைத்த இடம் உடம்பு என்று அறிந்ததனாலேயே இசைக்கு வழி பிறந்தது.

குடும்பத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. காதற்கதைகளில் தந்தை பெரும்பாலும் தடையாக வருவார். வைத்தி அவ்வாறு வரவில்லை. பாபுவின் இசை அவரிடமிருந்தே வந்தது. மகனைப் பாட்டுக்கு அனுப்பியவர் அவர். யமுனாவின் குடும்பத்தோடு உறவு ஏற்பட்டதும் அவர் நட்பின் வழியே. எனவே மகனுடைய இரு பற்றுக்கும் ஊற்று ஒன்றே. எதிர்த்துப் போராடத் தக்க தந்தை இல்லாமையால், பாபுவின் போராட்டம் முழுவதும் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. இது புதினத்திற்கு ஆழம் தந்தது. சில இடங்களில் நீளமும் தந்தது. நண்பன் ராஜத்தோடு அவன் நிகழ்த்தும் உரையாடல்கள் அறிவுடையனவே ஆயினும், முன்னே சொன்னதைப் பின்னே சொல்லுமிடங்கள் உள. வாரந்தோறும் எழுதிய கையின் அடையாளம் அது, நூலாக்கும்போது சுருக்கியிருக்கலாம்.

1995இல் ஞான ராஜசேகரன் இதனைத் திரைப்படமாக்கினார். அதன் தகுதி பற்றிய ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. ஒன்று மட்டும் குறிக்கத் தகும். திரையில் பாபு பாடினால் நாம் கேட்பது பின்னணிப் பாடகரின் முதிர்ந்த குரலை. முதிராத குரலைப் பற்றிய கதையில் முதிராத குரலைக் கேட்க வழியில்லாது போகிறது. எழுத்தில் மட்டுமே இயல்வது இது: கேளாத குரலின் குறையை நாம் நம்புகிறோம்.

இதுகாறும் கூறியவற்றால் புதினத்தின் கட்டுக்கோப்பு செறிவுடையது என்பது பெறப்படும். ஆயினும் அக்கட்டுக்கோப்பு யாரை நடுவாகக் கொண்டு செறிந்தது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதனைக் கேளாது விடுதல் திறனாய்வுக்கு இழுக்கு.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ ஒரு கலைஞரின் காதலைக் கூறும் கதையே. அதில் நாட்டியக் கலைச்செல்வியாகிய சிவகாமி, மாமல்லரை இழக்கிறாள். அவர் பாண்டியர் குலப் பெண்ணை மணந்துவிட்டார். அவள் ஏகாம்பரநாதரையே கணவராகக் கொண்டு ஆடுகிறாள். கலைஞர் பெண்ணாயின், காதல் போனபின் கலை எஞ்சுகிறது. அதுவும் இறைவனுக்கு உரியதாகிறது. ‘மோகமுள்’ளில் கலைஞன் ஆண். அவனுக்குக் காதலும் கிட்டுகிறது, கலையும் கிட்டுகிறது, பயணமும் கிட்டுகிறது. தங்கம்மாவின் இறப்பு அவனுக்கு ஒரு பாடம். யமுனாவின் வறுமை அவனுக்கு ஒரு சோதனை. யமுனாவின் இசைவு அவனுக்கு ஒரு தெளிவு. ரங்கண்ணாவின் மறைவுகூட அவனை அடுத்த ஆசானிடம் செலுத்துகிறது. எல்லா ஆறுகளும் இவன் ஒருவனிடம் வந்து சேர்கின்றன. கதை பெரும்பாலும் பாபுவின் உணர்வின் வழியே சொல்லப்படுவதால் இது நேர்ந்தது என்று அமைதி கூறலாம். தங்கம்மா அளவில் அவ்வமைதி போதும். மேலே சுட்டியவாறு, அவளைக் காணத் தவறியது பாபுவின் கண்ணே என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார். அவள் இறப்பால் அக்கண்ணைத் திறக்கவும் செய்கிறார்.

யமுனா அளவில் அங்ஙனம் கூற நமக்குத் துணிவு வரவில்லை. முற்பகுதியில் அவளுக்கு இருந்த பேச்சும் எள்ளலும் உறுதியும் பிற்பகுதியில் மெலிகின்றன. பாபுவை மறுத்த நாளில் அவள் கூறிய காரணங்களை நாம் அறிவோம். அவனை ஏற்ற நாளில் அவள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அறியோம். நன்றியா, இரக்கமா, களைப்பா, காதலா? அவள் தாயோடு பிணங்கி, ஆதரவற்று, ஊர் விட்டு ஊர் வந்தவள் என்பதை நினைந்தால் இவ்வினா விலக்கற்கரியது. உண்ணவும் உறையவும் இடம் தந்தவனுக்கு ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு எவ்வளவு எஞ்சியிருந்தது? தலைமகனின் பொறுமையைப் புகழ்வோர், அப்பொறுமை முடிந்த காலமும் அவளுடைய வேறு வழிகள் அடைபட்ட காலமும் ஒன்றாயிருப்பதை நோக்கவேண்டும். ஆசிரியர் இதனை அறியாதவர் அல்லர். அவள் வினாவில் இதன் நிழல் படிந்திருக்கிறது. ஆனால் நிழலோடு நிறுத்திவிட்டார்.

ஒப்புப் பத்தனுள் ஆண்டும் பிறப்பும் எண்ணிய தொல்காப்பியர் உணர்வையும் அங்கே எண்ணினார். பாபுவுக்கும் யமுனாவுக்கும் உணர்வு ஒத்ததா என்பதே இப்புதினத்தைக் காதற்கதை என்று வழங்குவதற்கு முன் தெளியவேண்டுவது. பாபுவின் பக்கத்தை அறிய நூல் முழுதும் இடம் உண்டு. யமுனாவின் பக்கத்திற்குச் சில பக்கங்களே உள. அச்சில பக்கங்களை, குறிப்பாக அவள் பேசாதிருக்கும் இடங்களை, வரிவரியாக எடுத்து ஆராயும் பணி இன்னும் முழுமையாகச் செய்யப்படவில்லை. முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொள்வராயின், பாபு வடக்கே சென்றபின் யமுனா சென்னையில் எவ்வாறு வாழ்ந்திருப்பாள் என்ற கற்பனையில் இறங்காது, மறுப்புக்கும் இசைவுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் கூற்றாக வருவனவற்றை மட்டும் தொகுத்துக்கொண்டு தொடங்குவது தகும்.